மலையைவிட மணிக்கூட்டைப் பாருங்கள்: திருகோணமலையிலிருந்து குடும்பத்தோடு ஒரு நாள் மலைநடை

திருகோணமலை மாவட்டத்தில் பெரிய மலை கிடையாது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை, வீடுகள் நிறைந்த உவர்மலை, திரியாய்ப் பக்கத்துக் குன்று, காட்டுக்குள் ஆங்காங்கே தலைநீட்டும் பாறைகள். அவ்வளவுதான். எதைப் பார்த்தாலும் ஒரு காலைப்பொழுதில் ஏறி இறங்கிவிடலாம் போல இருக்கும். உண்மையில் முடியும். ஆனால் அதே குன்றில் ஆறு வயதுப் பிள்ளையையும் முழங்கால் வலிக்காரியான அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு காலை பத்தரை மணிக்கு ஏறத் தொடங்கினால் கதை வேறு. கல் சுடும். தண்ணீர் பாதி வழியிலேயே முடியும். சின்னவன் அழுவான். அவனைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற அப்பாவுக்கு இனி மலைப் பக்கமே வரக்கூடாது என்று தோன்றும்.

எங்கள் உலர் வலயத்தில் குடும்பத்தோடு மலை ஏறும்போது உயரத்தால் வரும் தொல்லை குறைவு. பிந்திப் புறப்படுவதால் வருவதுதான் அதிகம். கீழே சொல்லப்போகிற எல்லாமே பெரும்பாலும் நேரத்தைச் சுற்றித்தான் இருக்கும். இதுவரை மலைநடை என்று எதுவும் போகாதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

யார் வருகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

வழக்கமாக இடத்தை முடிவெடுத்துவிட்டுத்தான் ஆட்களைச் சேர்ப்போம். யாரோ பேஸ்புக்கில் பிதுரங்கல பாறையின் படம் போட்டிருப்பார்கள், உடனே வான் பேசியாகிவிடும். மலைக்கு இந்த ஒழுங்கு சரிவராது. வருகிறவர்களில் ஆக மெதுவாக நடப்பவர் யார்? அவருக்கு எது முடியுமோ அதுதான் அன்றைய மலை.

நாலைந்து வயதுப் பிள்ளைக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. வழியில் எறும்புப் புற்று, பாம்புச் சட்டை, வழுக்கிற கல் என்று ஏதாவது இருந்தால் நடந்துகொண்டே இருக்கும். வெறும் வெயில் வழியென்றால் இருநூறு மீற்றரில் குந்திவிடும். எட்டு, பத்து வயதில் பெரியவர்களை முந்தி ஓடுவார்கள். அங்கே சிக்கல் களைப்பு இல்லை, கண்ணுக்கு எட்டாமல் போய்விடுவது. வயதானவர்களுக்கு ஏறும்போது மூச்சு வாங்கும், அது ஐந்து நிமிடம் இருந்தால் சரியாகும். இறங்கும்போது முழங்கால் நோகத் தொடங்கினால் அது இருந்தாலும் சரியாகாது. ஆகவே ஏறிவிட்டார்களே என்று நிம்மதி அடையாதீர்கள். ஊன்றுகோல் ஒன்று கொண்டுபோங்கள். கடையில் வாங்கியதோ, வீட்டில் வெட்டிய கம்போ, இரண்டும் ஒன்றுதான்.

நீரிழிவுக்கும் பிரஷருக்கும் குளிசை எடுப்பவர்கள் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும். நீரிழிவுக்காரருக்கு இனிப்பு ஏதாவது சட்டைப் பையிலேயே இருக்கட்டும், முதுகுப் பையின் அடியில் கிடந்து பயனில்லை. நெஞ்சு நோவு வந்து போனவர் என்றால் போவதற்கு முதல் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. குழு இரண்டாகப் பிரியக்கூடிய இடம் உள்ள மலையாகப் பாருங்கள். பாதி வழியில் நிழலும் இருக்க இடமும் இருந்தால், "அம்மம்மா, நீங்கள் இதில இருங்கோ, மாமி துணைக்கு இருப்பா, நாங்கள் ஒரு மணித்தியாலத்தில வாறம்" என்று சொல்லலாம். அவருக்கும் தன்னால் மற்றவர்கள் தாமதம் என்ற கவலை இருக்காது.

முதல் நடை சுவாமி மலைதான்

பிறந்ததிலிருந்து பார்க்கிற இடத்தில் என்ன நடை என்று கேட்கலாம். அதனால்தான் சொல்கிறேன். பிரெட்றிக் கோட்டை வாசலில் இருந்து கோயில் வரை ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், முழுவதும் ஏற்றம், பாதி வழி மர நிழல். ஏதாவது பிழைத்தால் பத்து நிமிடத்தில் டவுனுக்கு வந்துவிடலாம். உங்கள் குடும்பம் என்ன வேகத்தில் நடக்கும் என்பதை அளந்து பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஓட்டோவில் கோயில் வாசல் வரை போய் இறங்கும் பழக்கத்தை அன்று ஒருநாள் விட்டுவிடுங்கள்.

காலை ஆறு மணிக்கு வாசலில் நில்லுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட நிறைய இருக்கிறது. பழைய கோயிலை இடித்து, 1620களில் போர்த்துக்கீசர் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், அதற்குப் பிறகு 1795 இல் ஆங்கிலேயர். ஆங்கிலேயர்தான் இப்போதுள்ள பெயரை வைத்தார்கள். உள்ளே புள்ளிமான்கள் ஆளுக்குப் பயமில்லாமல் நிற்கும். தீனி கொடுக்காதீர்கள். சாப்பாட்டு மணம் உள்ள பொலித்தீனையும் சேர்த்தே தின்கின்றன. மேலே, கடலுக்கு நேர் செங்குத்தாகச் சுமார் 350 அடி இறங்கும் பாறையும், இராவணன் வெட்டு என்று சொல்கிற பாறைப் பிளவும் இருக்கின்றன. 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்தப் பாறையின் அடியில் கடலுக்குள் மூழ்கிப் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள் என்று சொன்னால் பத்து வயதுக்காரர்கள் கொஞ்ச நேரமாவது போனைக் கேட்க மாட்டார்கள். விளிம்பில் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சொல்லிப் பயமுறுத்துவதைவிடக் கையைப் பிடிப்பது சுலபம்.

கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஏழு மணிக்குக் கல் குளிராக இருக்கும். அதே கல்லில் பன்னிரண்டு மணிக்குக் கால் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் நேரம் நேரம் என்று புலம்புகிறேன் என்பது விளங்கும்.

இறங்கி வாசலுக்கு வந்ததும் மறுபடி நேரத்தைப் பாருங்கள். இடையில் நின்றது, தண்ணீர் குடித்தது, மான் பார்த்தது எல்லாம் சேர்த்து எவ்வளவு? அதுதான் உங்கள் குடும்பத்தின் வேகம்.

நேரக் கணக்கு

மலை நடப்பவர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1892 இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் சொன்னது. 5 கிலோமீற்றர் நடைக்கு ஒரு மணித்தியாலம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணித்தியாலம். இது குளிர் நாட்டில் திடமான ஆட்களுக்கு. எங்கள் வெயிலில் பிள்ளை குட்டிகளோடு போனால் அந்த விடையை இரண்டால் பெருக்குங்கள், ஓய்வு நேரத்தைத் தனியாகக் கூட்டுங்கள்.

ஒரு குன்று, போய்வர 4 கிலோமீற்றர், ஏற்றம் 200 மீற்றர் என்று வையுங்கள். 48 நிமிடமும் 20 நிமிடமும் சேர்ந்து 68 நிமிடம். இரண்டால் பெருக்கினால் இரண்டே கால் மணித்தியாலம். மேலே இருந்து சாப்பிட, படம் எடுக்க முக்கால் மணித்தியாலம். ஆக மூன்று. ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குக் கீழே. எட்டரைக்குத் தொடங்கினால் பதினொன்றரை, அதுவும் கடைசி ஒரு மணித்தியாலம் தலைக்கு நேரே வெயில்.

இனி முக்கியமானது. வீட்டிலேயே ஒரு திரும்பும் நேரத்தை முடிவெடுங்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள். "ஒன்பது மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புகிறோம்." உச்சி பத்து நிமிடத்தில் தெரிந்தாலும் திரும்புகிறோம். மலையில் நின்றுகொண்டு இதை முடிவெடுக்க முடியாது. அங்கே எல்லோருக்கும் "இன்னும் கொஞ்சம்தானே" என்றுதான் தோன்றும், அதிலும் பெரியவர்களுக்குத்தான் கூடத் தோன்றும். பிள்ளைகள் உச்சியைப் பற்றி அவ்வளவு கவலைப்படுவதில்லை.

எந்த மாதம்?

இதில் பள்ளிக்கூட லீவுதான் பெரிய தடங்கல். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று மூன்று லீவும் மலைக்குத் தோதில்லாத காலத்தில்தான் வருகின்றன. ஏப்ரலில் காலை நன்றாக இருக்கும், பின்னேரம் இடி மின்னல். இலங்கையில் மின்னல் அதிகம் விழுவது ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும்தான். மொட்டைப் பாறையின் உச்சியில் மின்னலுக்கு அகப்படக்கூடாது. பன்னிரண்டு மணிக்கு முன்னதாக இறங்கிவிட வேண்டும், மேகம் கறுத்தால் அதற்கும் முதலே. ஓகஸ்டில் கச்சான் காற்று. அது வியர்வையை உடனே காயவைத்துவிடும், அதனால் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதே தெரியாது. டிசம்பரில் வாடை மழை, பாறையெல்லாம் பாசி பிடித்து வழுக்கும்.

நல்ல காலம் மாசி, பங்குனி. பெப்ரவரியிலும் மார்ச் முற்பாதியிலும் வரும் ஒரு சனி, ஞாயிறைப் பிடியுங்கள். மழை ஓய்ந்திருக்கும், குளங்கள் நிரம்பியிருக்கும், காடு பச்சையாக இருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது. ரியூசன் வகுப்பு ஒன்று தவறினால் தவறட்டும்.

லீவில்தான் போக முடியும் என்றால் ஏப்ரல் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓகஸ்டில் எங்கள் பக்கத்துப் பாறைகளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தண்ணீரும் சாப்பாடும்

வெயிலில் நடக்கும் பெரிய ஆளுக்கு மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் என்று வையுங்கள், கடும் வெயிலென்றால் இன்னும் கூட. மூன்று மணித்தியால நடைக்கு ஆளுக்கு ஒன்றரை லீற்றர். பிள்ளைகளுக்கு அளவு குறைவு, ஆனால் அவர்கள் கேட்க மாட்டார்கள். விளையாட்டில் மறந்துவிடுவார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி எல்லோரும் இரண்டு மிடறு குடிக்க வேண்டும் என்று சட்டம் போடுங்கள். இதைத் தவிர இன்னொரு போத்தல் வானில் இருக்கட்டும், அதைத் திறக்கக்கூடாது. திரும்பி வந்தபின்தான். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புக் கரைசல் பக்கெட் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றோட்டத்துக்கு மட்டும் என்று நினைப்பார்கள், வியர்த்துக் களைத்தவருக்கும் அதுதான் மருந்து. பக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள். கெட்டியாகக் கரைத்தால் கூடப் பலன் என்று எண்ண வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வீட்டுச் சாப்பாடே போதும். விடியப்புறம் அவித்த பிட்டும் கட்டுச் சம்பலும் வாழையிலையில் கட்டினால் பத்து மணி வரைக்கும் ஒன்றும் ஆகாது. தேங்காய்ச் சம்பலும் தேங்காய்ப்பால் கறியும் வெயிலில் புளித்துவிடும், விட்டுவிடுங்கள். ரொட்டி, எள்ளுருண்டை, பயற்றம் உருண்டை, வறுத்த கச்சான், கதலிப் பழம், தோடம்பழம். இவை பையில் நசுங்கினாலும் சாப்பிடலாம். சொக்லேட் உருகும். சோடா கொண்டுபோக வேண்டாம், கேட்டு அழுதாலும் வேண்டாம்.

பெரிய சாப்பாட்டை உச்சிக்கு வைக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக வழியெல்லாம் கொறிப்பது நல்லது. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வி மூன்றாவது தடவை வந்தால் அது பெரும்பாலும் பசி. ஆனால் குரங்கு உள்ள இடத்தில் பையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். கோணேசர் கோயிலிலும் சீகிரியாப் பக்கத்திலும் உள்ள குரங்குகளுக்குப் பொலித்தீன் பை சரசரக்கும் சத்தமே அழைப்பு.

காலிலும் முதுகிலும்

புதிதாக மலைச் சப்பாத்து வாங்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சப்பாத்து, அடி தேயாமல் இருந்தால் போதும். புதுச் சப்பாத்தோடு வந்தால்தான் கொப்புளம் போடும், ஒரு கிழமையாவது ஊருக்குள் போட்டு நடந்திருக்க வேண்டும். ரப்பர்ச் செருப்போடு பாறையில் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஏறிவிடுவார்கள். இறங்கும்போது வார் அறும்.

நீளக் காற்சட்டை, மெல்லிய முழுக்கைச் சட்டை, தொப்பி. காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள், உண்ணி ஏறாது. பார்க்க வேடிக்கையாக இருக்கும், இருக்கட்டும். விகாரைகளும் கோயில்களும் உள்ள மலைகளில் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும் என்பதால் இதே உடுப்பு அங்கேயும் பொருந்தும். சப்பாத்தைக் கழற்ற வேண்டிய இடங்களில் கல் சுட்டால் தடித்த காலுறை உதவும்.

பையில் தண்ணீர், சாப்பாடு போக ரோச், விசில், பிளாஸ்டர், பஞ்சு, ஓடிக்கொலோன் அல்லது டெட்டோல், சின்னக் கத்தி, குப்பைக்கு ஒரு பை, ஒரு பழைய சேலைத் துண்டு. சேலைத் துண்டை விட்டுவிடாதீர்கள். பிள்ளையை முதுகில் கட்டலாம், சுளுக்கிய காலைச் சுற்றலாம், பற்றை மறைவில் பெண்களுக்குத் திரையாகப் பிடிக்கலாம். கழிப்பறைப் பேச்சை எல்லோரும் தவிர்ப்பார்கள். ஆனால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நடப்பதற்கு அதுதான் காரணம், அது வெயிலில் ஆபத்து. வழியில் கந்தளாயிலோ ஹபரணையிலோ வானை நிறுத்தி எல்லோரையும் போய்வரச் சொல்லுங்கள். மலையில் என்றால் நீரோடையிலிருந்து நன்றாகத் தள்ளி, குழி தோண்டி மூடுங்கள்.

பிள்ளைக்குத் தனிப் பை கொடுத்தால் சந்தோஷப்படும். அதன் உடம்பு நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம். இருபது கிலோப் பிள்ளைக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு சேட்டும் போதும்.

அடுத்த குன்றுகள்

சுவாமி மலையில் இரண்டொரு தடவை நடந்தபின், வடக்கே திரியாய்க்குப் போகலாம். நிலாவெளி, குச்சவெளி தாண்டிக் கரையோர வீதி. அங்கே கிரிஹண்டு சேய என்ற பழைய பௌத்த தலம் ஒரு சிறு குன்றின் மேல் இருக்கிறது. கற்படிகள், மேலே வட்டமாக நிற்கும் கற்றூண்கள், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு. ஏற்றம் சின்னது. திரும்பி வரும்போது கடலில் குளிக்கலாம் என்பதால் பிள்ளைகளின் ஓட்டு இதற்குத்தான்.

கன்னியா வெந்நீரூற்றை நடையின் முடிவுக்கு வைப்பவர்கள் உண்டு. டவுனிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவு, ஏழு கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. நல்ல யோசனைதான். ஆனால் வெயிலில் முகம் சிவந்துபோன பிள்ளையின் தலையில் வெந்நீரை ஊற்ற வேண்டாம். அரை மணித்தியாலம் நிழலில் இருந்து உடம்பு ஆறட்டும்.

மாவட்டத்துக்கு வெளியே முதல் தெரிவு மிஹிந்தலை. அநுராதபுர வீதியில் ஹொரவப்பொத்தானை வழியாக, நூறு கிலோமீற்றருக்குள். படிகள் 1840 என்று கேட்டதும் பயப்பட வேண்டாம். அகலமான, உயரம் குறைந்த படிகள். வயதானவர்கள் படி ஏறாமல் வானிலேயே மேல் தரிப்பிடம் வரை போகலாம் என்பது பெரிய வசதி. பொசன் போயாவை அண்டிப் போகாதீர்கள், அப்போது சனம் அலைமோதும்.

பிதுரங்கல சீகிரியாவுக்கு எதிரே நிற்கும் பாறை. பாதிக்கு மேல், செங்கல்லால் ஆன சயன புத்தர் சிலை இருக்கும் இடம் வரை யாரும் போகலாம். நான் சொன்ன பிரியும் இடம் அதுதான். அதற்கு மேலே பெரிய கற்களுக்கு இடையில் கையையும் காலையும் ஊன்றி ஏற வேண்டும். ஏழெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை அங்கே கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து. சூரிய உதயத்துக்கு ஏறுபவர்கள் நிறைய, இருட்டில் அந்தக் கற்களுக்குள் நெரிசல். குடும்பத்தோடு போகிறவர்கள் விடிந்தபின், அவர்கள் இறங்கும் நேரத்தில் ஏறுவது நல்லது.

என்னைக் கேட்டால் ரிட்டிகல. ஹபரணையிலிருந்து மரதன்கடவல வீதியில் போய்த் திரும்ப வேண்டும். 766 மீற்றர் உயரம். உச்சி கடும் பாதுகாப்புள்ள இயற்கை ஒதுக்கிடம், அனுமதியின்றிப் போக முடியாது. திறந்துவிட்டிருப்பது கீழ்ப்பகுதியில் உள்ள பழைய துறவிகளின் கற்பாதை. பெரிய குளம், கற்பாலங்கள், மேடைகள், எல்லாம் அடர்ந்த மர நிழலில். எங்கள் பக்கத்தில் காலை ஒன்பது மணிக்கும் நிழலில் நடக்கக் கூடிய மலை என்றால் இதுதான். அனுமான் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகும்போது விழுந்த துண்டு இது என்ற கதை வேறு இருக்கிறது. ஊரில் இராவணன் வெட்டு, இங்கே சஞ்சீவி. பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துத் தாங்களே ஒரு கதை சொல்லிக்கொண்டு நடப்பார்கள்.

பெயர் தெரியாத காட்டுப் பாறைகளுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். ஊர்க்காரர் ஒருவர் கூட வராவிட்டால் வேண்டாம். வனத் திணைக்களத்தின் காடு, படையினரின் இடம் என்று எல்லைகள் இருக்கின்றன. அதோடு போர் நடந்த மாவட்டம். தரையில் துருப்பிடித்து ஏதாவது கிடந்தால் தொடக்கூடாது, தட்டக்கூடாது, இடத்தைப் பார்த்துவைத்துப் பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

யானை உள்ள வழி

கந்தளாய் தாண்டி ஹபரணை வரை யானை வீதியைக் கடக்கும். அதிகம் வருவது பொழுதுபடும் நேரத்திலும் விடிவதற்கு முன்னும். நாமும் விடியப்புறம்தானே போகிறோம்? அதனால் சாரதியிடம் முதலே சொல்லிவையுங்கள். வேகம் குறைவாக, முன்னால் நின்றால் தள்ளி நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல், படம் எடுக்க இறங்காமல், பழம் எறியாமல். அது போனபின் போகலாம். இந்தத் தாமதத்துக்கு அரை மணித்தியாலம் கணக்கில் விட்டிருக்க வேண்டும். திரும்பும்போது மாலை ஆறு மணிக்கு முன் அந்த இடத்தைத் தாண்டிவிடப் பாருங்கள்.

நடைக்கு ஒரு விதி: வான் இருட்டில் புறப்படலாம், கால் வெளிச்சத்தில்தான் தரையில் வைக்க வேண்டும். காட்டோரப் பாதையில் ஈரம் காயாத யானை இலத்தி கிடந்தால், கிளை முறியும் சத்தம் கேட்டால், அன்றைய நடை அத்தோடு முடிந்தது. பாலைப்பழக் காலத்தில், அதாவது ஜூன், ஜூலையில், கரடியும் அதே பழத்துக்குத்தான் வரும். அந்த நாட்களில் ஆள் நடமாட்டமுள்ள பாதைகளோடு நின்றுகொள்ளுங்கள்.

நடக்கும்போது

வழி தெரிந்த பெரியவர் ஒருவர் முன்னால். அவருக்கு அடுத்து ஆக மெதுவாக நடப்பவர். மற்றவர்கள் பிறகு. கடைசியில் திடமான ஒருவர், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. ஆக மெதுவானவர் கடைசியில் நடந்தால் என்ன ஆகும் தெரியுமா? மற்றவர்கள் முன்னால் போய் இருந்து இளைப்பாறிவிட்டு, அவர் வந்து சேர்ந்ததும் எழும்பி நடப்பார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடையாது.

ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில். வழி தவறினால் ஓட வேண்டாம், ஒரு மரத்தடியில் நின்று மூன்று தடவை ஊத வேண்டும், யாராவது வரும்வரை அதையே செய்ய வேண்டும். இதை வீட்டு முற்றத்தில் ஒருமுறை ஒளித்து விளையாடிப் பழக்குங்கள். சும்மா ஊதினால் அன்றைக்கு விசில் பறிமுதல்.

வீட்டில் இருக்கும் ஒருவருக்கு எந்த மலை, எந்த வான், எத்தனை மணிக்குள் போன் பண்ணுவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு, வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது நடந்தால்

முதலில் கவனிக்க வேண்டியது வெயில். ஒருவர் திடீரென்று பேசாமல் வந்தால், தலைவலி, குமட்டல் என்றால், நிழலில் இருத்தி உடுப்பைத் தளர்த்தி ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சுத் தடுமாறினால், ஆளைத் தெரியாமல் உளறினால், அது வெப்ப அதிர்ச்சி. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தபடியே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. பொலிஸ் 119.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், காப்பு, காலணியைக் கழற்றி, கடிபட்ட காலை அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். விஷக்கடி வைத்தியரிடம் முதலில் காட்டுவோம் என்று யாராவது பெரியவர் சொல்லுவார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வானை அரசாங்க வைத்தியசாலைக்கு விடுங்கள், விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. கந்தளாயிலும் தம்புள்ளையிலும் வைத்தியசாலை உண்டு. பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

பாறைகளில் பெரிய தேன்கூடுகள் தொங்கும். அந்த இடங்களில் கத்தாமல், கல் எறியாமல் கடந்து போங்கள். கலைந்துவிட்டால் நின்று தட்டிக்கொண்டிருக்காமல் முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடுவதுதான் வழி.

உயர்ந்த மலைகள்

இவ்வளவும் பழகியபின் ரிவர்ஸ்டன், பிட்டவல பத்தனை, ஹோர்ட்டன் சமவெளி என்று ஆசை வரும். ரிவர்ஸ்டனுக்கு மாத்தளை, றத்தோட்டை வழியாகப் போக வேண்டும். அதிகாலையில் புறப்பட்டால் ஒரே நாளில் போய்வரலாம், ஆனால் வானுக்குள் இருக்கும் நேரம் நடக்கும் நேரத்தைவிடக் கூடும். ஒரு இரவு தங்குவது பிள்ளைகளுக்கு நல்லது. ஹோர்ட்டன் சமவெளிக்குத் தங்காமல் முடியவே முடியாது. அங்கே ஒன்பது கிலோமீற்றர் அளவுச் சுற்றுப்பாதை, ஒன்பது, பத்து மணிக்குள் உலக முடிவு என்ற செங்குத்து விளிம்பில் பனிமூட்டம் ஏறிவிடும். அங்கேயும் கதை நேரம்தான்.

ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் ஏறக்குறைய 6.5 பாகை குறையும். திருகோணமலையில் மின்விசிறிக்குக் கீழே தூங்கிப் பழகிய பிள்ளைக்கு 2000 மீற்றருக்கு மேலே விடியற்காலை என்றால் ஸ்வெற்றர், காதுமூடி, நனையாத மேலங்கி எல்லாம் வேண்டும். ரிவர்ஸ்டன் இருக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கம் மழை நாளில் அட்டை கடிக்கும். காலுறைக்கு மேலே சித்தாலேப தைலம் பூசுகிறார்கள், உப்புத் துணியும் உதவும். கடித்த அட்டையைப் பிய்த்து எடுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளுங்கள். மழை பெய்திருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மஞ்சளே போதும், வேறொரு நாள் பார்க்கலாம். அருவியில் குளிக்கும்போது தண்ணீர் கலங்கத் தொடங்கினால் மேலே மழை என்று அர்த்தம். உடனே கரையேறுங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு

குளிக்க வார்க்கும்போது பிள்ளைகளின் காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு, முழங்காலுக்குப் பின்புறம் உண்ணி பார்க்க வேண்டும். இருந்தால் நெருப்புக்குச்சியால் சுடாமல், எண்ணெய் பூசாமல், சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த கிழமைகளில் காய்ச்சல் வந்தால் உண்ணி கடித்ததை டொக்டரிடம் சொல்லுங்கள். சப்பாத்துக்குள் பழைய பேப்பரைத் திணித்து நிழலில் காயவையுங்கள். பிறகு எத்தனை மணிக்குத் தொடங்கினோம், எங்கே யார் களைத்தார், எவ்வளவு தண்ணீர் மிஞ்சியது என்பதை ஒரு கொப்பியில் நாலு வரி எழுதிவிட்டுத் தூங்குங்கள். அடுத்த மலைக்கு வானை எத்தனை மணிக்கு வரச் சொல்வது என்பதை அந்த நாலு வரியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.